ஆணி படாத வீடு

ஒன்பது மணிக்குத் திறப்பேன்.
பாலைமரப் படிகள் பதினொன்று.
செருப்பைக் கழற்றச் சொல்வது முதல் வேலை.
சிம்மாசனத்தைத் தொடாதேங்கோ என்பது இரண்டாவது.
மூன்றாவது வேலைக்குச் சம்பளம் இல்லை.

கடல் கடந்து வந்த சாவக அரசன் ஒருவன்
இந்தப் பக்கம் எங்கோ இருந்தானாம்.
சாவகச்சேரிக்கு பஸ் ஏறுகிற எவரும்
யார் அந்தச் சாவகன் என்று கேட்பதில்லை.
கல் இல்லை, அத்திவாரம் இல்லை,
ஓட்டுத்துண்டு ஒன்றுகூட அகப்படவில்லை.
அதனால்தான் ஒட்டுசுட்டானில் கட்டினார்கள்.
எங்கும் கிடைக்காதவன்
எங்கும் இருந்திருக்கலாம்தானே.
இங்கே காணியும் சும்மா கிடந்தது.

சும்மா அல்ல.
பதினாறு மாதம் நாங்கள் முழங்காலில் நின்ற காணி.
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்,
முகக்கண்ணாடிக்குள் என் மூச்சே எனக்குப் புழுக்கம்.
கருவி அழும்.
விரலிடை விரலிடையாய் மண்ணைச் சுரண்டுவேன்.
ஆணி.
அரை அடி தள்ளி மறுபடி அழும்.
ஆணி.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஆணிதான்.
மற்ற இரண்டையும் பற்றி வதனாவிடம் கேளுங்கள்,
வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறாள்,
இடக்கையால் ஆற்றித் தருவாள்.

வீடு எரிந்தால் கதவு போகும்,
வளை போகும், சாமிப்படம் போகும்.
ஆணிக்கு மட்டும்
எப்படிப் போவதென்று தெரியாது.
கறள் பிடித்து அங்கேயே கிடக்கும்.
பார்த்ததும் சொல்வேன்:
இது தீராந்திக்கு அடித்தது,
இது குடைவைத்த தகர ஆணி,
இது சுவரில் நாட்காட்டி கொழுவின ஒற்றை ஆணி.
எறிய மனமில்லாமல்
மா பேணி ஒன்றில் போட்டு வந்தேன்.
பேணி இரண்டாயிற்று. பிறகு ஐந்து.

கிரிந்தையிலிருந்து ஏழு பேரோடு வந்தார்
துவான் ஜல்தீன், தச்சர்.
பாட்டனின் பாட்டன் வெள்ளைக்காரனுக்குத் துவக்குப் பிடித்து
முல்லைத்தீவில் காவல் நின்றவராம்.
"அதுவும் சம்பளத்துக்குத்தான் தங்கச்சி" என்று சிரித்தார்.
மலாய் மாளிகைக்கு ஆணி ஆகாது என்றார்.
துளைக்குள் கழுந்து, கழுந்துக்குப் பக்கத்தில் ஆப்பு,
முதிரைக்குள் முதிரை இறுகி
மழைக்கு ஊதி வெயிலுக்குத் தளர்ந்து
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்.
கூரை இரண்டு வள்ளத்தைக் கவிழ்த்ததுபோல.

திறப்புவிழாவுக்கு முதல்நாள் மைம்மலில்
பழைய கருவியை இரவல் வாங்கி
வெறுங்காலோடு உள்ளே போனேன்.
கொலுமண்டபம். சத்தமில்லை.
அந்தப்புரம். சத்தமில்லை.
சிம்மாசனத்தின் அடியில் குனிந்து பிடித்தேன்,
பற்றரி செத்துவிட்டதோ என்று
என் தோட்டில் வைத்துப் பார்த்தேன்.
அழுதது.

அப்போதுதான் பயம் வந்தது.
ஆணி கிடந்த நிலத்தில் வராத பயம்.
இந்த வீடு எரிந்தால் சாம்பல்,
சாம்பலின் மேல் ஒரு மாரி,
பிறகு ஒருத்தி முழங்காலில் நின்று தேடி
இங்கே எவரும் இருக்கவில்லை என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள்.

வாசலில் எங்கள் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது.
இந்நிலம் முற்றாகத் துப்புரவு செய்யப்பட்டது.
கீழே என் கையெழுத்தும் உண்டு.

ஐந்து மணிக்கு யன்னல்களைச் சாத்திவிட்டு
பலகை இடுக்கால் ஒன்றைப் போடுவேன்.
ஒரு நாளைக்கு ஒன்று.
தூண்கள் ஆளுயரம்.
விழுகிற சத்தம் கேட்க
மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

போன வெள்ளி, நெடுங்கேணிப் பள்ளிக்கூடம்.
எல்லோரும் கிரீடத்தடியில் நிற்க
ஒரு பொடியன் குப்புறப் படுத்து
இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்திருந்தான்.
"அக்கா, கீழ ஆணி கிடக்கு. அரசன்ரயோ?"
"நாட்காட்டி கொழுவினது" என்றேன்.

கொப்பியை எடுத்து
எழுதிக்கொண்டான்.